சுயதொழில் பாடம்: மீன் தொட்டி உபகரணங்களைக் கழுவும் முறை

கண்டக்குழியில் மீன்தொழில் என்றவுடன் வலையும் வள்ளமுமே நம் நினைவுக்கு வரும். ஆயினும் எமது கரையில் இன்னொரு வகை மீன்தொழிலும் நடைபெறுகின்றது. கல்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற்பாறைகளில் சுழியோடிகள் உயிருடன் பிடிக்கும் அலங்கார மீன்கள், சில நாட்கள் தொட்டிகளில் வைக்கப்பட்டுப் பின்னர் கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளர்களுக்குச் செல்கின்றன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் கடல் குழம்பி, சுழியோடிகள் கரையில் இருக்க நேரிடும். அக்காலத்திலும் வீட்டுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்பதற்காகச் சில தாய்மார் கொல்லையில் கப்பி, மொலி, பிளட்டி போன்ற நன்னீர் மீன்களைச் சீமெந்துத் தொட்டிகளிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் வளர்க்கின்றனர்.

இத்தொழிலுக்கும் கரைவலைத் தொழிலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. செத்த பாரைக்குச் சந்தையில் விலை உண்டு. விற்காவிட்டால் கருவாடாகவாவது போகும். செத்த கப்பிக்கு ஒரு சதமும் கிடையாது. ஆகவே மீனை வாங்குபவரின் கைக்குச் சேரும்வரை உயிருடன் காப்பதே இங்கு முழுத் தொழிலும். மீன் சாவதற்கு நோய், உணவு, வெப்பம் எனப் பல காரணங்கள் உள. இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்வது பலரும் சந்தேகிக்காத ஒரு காரணத்தை. அதுதான் துப்புரவு.

ஒரு வீட்டில் நடந்தது

எமது கரையோரத்துக் குடும்பம் ஒன்று, சிறு கடன் பெற்று நான்கு கண்ணாடித் தொட்டிகளும் இரண்டு சீமெந்துத் தொட்டிகளும் அமைத்தது. ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மீன் வாங்குபவரின் வாகனம் வரவிருந்த வாரத்தில், அந்தத் தாய் தொட்டிகளை நன்றாகக் கழுவிவிட எண்ணினார். வடிகட்டி ஸ்பொஞ்சுகள் கபில நிறமாய், பிசுபிசுப்பாய் இருந்தன. அவற்றைச் சவர்க்காரத் தூளிட்டு வெண்மையாகும்வரை பிழிந்தார். கூழாங்கற்களைக் கொதிநீரில் கழுவினார். கண்ணாடியைத் தேய்த்தார். முழு நீரையும் இறைத்துவிட்டுப் புதுக் கிணற்று நீரை நிரப்பினார். அன்று மாலை தொட்டிகள் பளிங்கு போல இருந்தன. பார்க்க வந்தவர்களும் பாராட்டிச் சென்றனர்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் காலையில் அடியில் கிடந்தன. கண்ணூறு என்றார் ஒருவர். சுண்ணாம்பு கரைத்து ஊற்றச் சொன்னார் இன்னொருவர். அழுக்குத்தான் காரணம் என்று அந்தத் தாய் மறுபடியும் ஸ்பொஞ்சுகளைக் கழுவினார். வாகனம் வந்தபோது பாதி மீனும் இல்லை. கடன் தவணை மட்டும் குறையாமல் நின்றது.

அந்தத் தாயிடம் சோம்பல் இல்லை, கவனக்குறைவும் இல்லை. சமையல் பாத்திரத்தை எப்படிக் கழுவ வேண்டும் என்று அவருடைய தாய் கற்றுக்கொடுத்தாரோ, அப்படியே தொட்டியையும் கழுவினார். மீன் தொட்டிக்கு அந்த முறை பொருந்தாது என்பதை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கபில நிறப் பிசுபிசுப்பு என்ன?

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே, எமது கடற்றொழிலாளர் சொல்வது போல் ‘பூ’ வழியே, நீரில் விடுகின்றது. மிஞ்சிய உணவும் எச்சமும் அழுகும்போதும் அமோனியா உண்டாகும். கடலில் அது எல்லையற்ற நீரிலே கலந்து போய்விடும். தொட்டியிலோ போக வழியில்லை. அமோனியாவுக்கு நிறம் இல்லை. ஆகவே பளிங்கு போன்ற நீரும் நஞ்சாக இருக்கலாம். இலேசாகப் பச்சை படிந்த நீர் மீனுக்கு நலமானதாகவும் இருக்கலாம்.

இந்த நஞ்சை மாற்றுபவை இரு கூட்டமான பக்டீரியாக்கள். முதற் கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சே, மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாதவாறு அதைக் கபில நிறமாக்கிவிடும். இரண்டாம் கூட்டம் அந்த நைத்திரைற்றை, மிகக் குறைந்த தீங்குடைய நைத்திரேற்றாக மாற்றும். இவ்வகைப் பக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். வயல் மண்ணிலும் குளத்திலும் கடலிலும் இவை தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

இவை நீரில் மிதப்பது குறைவு. ஸ்பொஞ்ச், கூழாங்கல், கண்ணாடிச் சுவர், குழாயின் உட்புறம் ஆகிய பரப்புகளிலேயே ஒட்டி வாழும். அந்தத் தாய் சவர்க்காரமிட்டுப் பிழிந்தெறிந்த கபில நிறப் பொருளில் இவையும் இருந்தன. அத்துடன் இவை மெதுவாகவே பெருகும். வயிற்றோட்டம் உண்டாக்கும் சில பக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இருமடங்காகிவிடும். இவற்றுக்கோ ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். ஒரு புதுத் தொட்டி இவற்றால் நிறைந்து நிலைபெற 4 தொடக்கம் 6 வாரம் செல்கின்றது. அப்படியாயின் ஒரு பிற்பகலில் கழுவி அழித்ததை மீட்க மீண்டும் அத்தனை வாரங்கள் வேண்டும். மீன் அதுவரை காத்திருக்காது. முதல் நாள் ஒன்றும் தெரியாமல் மூன்றாம் நாள் துன்பம் தொடங்கியதன் காரணமும் இதுவே: நஞ்சு சேர்வதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

சுண்ணாம்பு பற்றியும் ஒரு வார்த்தை. நீரின் காரத்தன்மை கூடும்போது அமோனியாவின் நஞ்சும் கூடும். பீஎச் அளவு 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், நஞ்சாயுள்ள அமோனியாவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் படியவைக்கும் கிணற்று நீர் ஏற்கெனவே காரத்தின் பக்கம் சாய்ந்தது. அதிலே சுண்ணாம்பு கரைத்து ஊற்றுவது எரிகின்ற அடுப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

வாராந்தத் துப்புரவு

மீனுக்கென்றே இரண்டு வாளிகளை ஒதுக்குங்கள். அவற்றில் மை கொண்டு அடையாளமிடுங்கள். முதலில் ஒரு ரியூப்பினால் தொட்டியின் அடியிலிருந்து, எச்சம் சேர்ந்த இடத்திலிருந்து, நீரை உறிஞ்சி வாளிக்கு எடுங்கள். மொத்த நீரில் நான்கில் ஒரு பங்கு போதும். கூடினால் மூன்றில் ஒரு பங்கு. அந்த வாளி நீரிலேயே ஸ்பொஞ்சை இட்டு மூன்று நான்கு தடவை அமுக்கி விடுங்கள். அது வெண்மையாக வேண்டியதில்லை. நீர் தடையின்றி அதனூடாகச் செல்லுமானால் போதும். ஒரு தொட்டியில் இரண்டு ஸ்பொஞ்ச் இருந்தால் இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. ஸ்பொஞ்ச் கழுவும் நாளில் கூழாங்கற்களைக் கிளற வேண்டாம். முன்கண்ணாடியின் பாசியைச் சுரண்டுங்கள்; பின்பக்கப் பாசியை விட்டுவிடுங்கள். அது மீன்குஞ்சுகளுக்கு மேய்ச்சல் நிலம்.

எக்காரணத்தைக் கொண்டும் சவர்க்காரம் வேண்டாம். சவர்க்காரம் மீனின் உடலை மூடியுள்ள வழவழப்பையும் செவுளையும் கெடுக்கும். ஸ்பொஞ்ச் அதை எளிதில் விடாது. பத்துத் தரம் அலசியபின்னும் நுரை வரும். பாத்திரம் தேய்த்த பழைய ஸ்பொஞ்சும் இந்த வேலைக்கு உதவாது.

கண்ணாடியின் நீர்மட்டக் கோட்டில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவை வினாகிரி அல்லது தேசிக்காய்ப் புளியில் தோய்த்த துணியால் துடைக்கலாம். ஆனால் புளி தொட்டி நீரில் விழக்கூடாது. துடைத்தபின் வெறும் நீரால் மீண்டும் துடைக்க வேண்டும். மூடி, குழாய் போன்றவற்றை வெளியே எடுத்து வினாகிரியில் ஊறவைக்கலாம். காற்றுக்கல் அடைத்துக்கொண்டால் அதைத் தேய்த்துக் கொதிநீரில் அவிக்கலாம். அதிலே வாழும் பக்டீரியா சொற்பம் என்பதால் நட்டமில்லை.

கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். எமது கரையின் உப்புக் காற்று வயரையும் பிளக்கையும் எவ்வளவு விரைவில் அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காற்றுப்பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லாவிடில் மின் தடைப்படும்போது ரியூப் வழியே நீர் திரும்பிப் பம்பிக்குள் ஏறும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் எமது தீபகற்பத்திலேயே இருந்தும், 2022ஆம் ஆண்டில் நாமும் மணிக்கணக்காக இருளில் இருந்தோம். அப்படி நீண்ட தடை வரும்போது மூடிய பெட்டி வடிகட்டிக்குள் ஒட்சிசனின்றிப் பக்டீரியாக்கள் மடிந்துபோகும். பெட்டியைத் திறந்து, ஸ்பொஞ்சைத் தொட்டி நீர் கொஞ்சம் விட்ட அகன்ற தட்டில் ஈரமாய், காற்றுப் படும்படி வைப்பது நல்லது.

வாளியும் கையும் கிணறும்

கல்பிட்டி மணலில் மீன்தொழிலும் தோட்டமும் அடுத்தடுத்தே நடக்கின்றன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்து கலந்த வாளி, எத்தனை முறை கழுவினாலும் மீன் தொட்டிக்கு வரக்கூடாது. பூச்சிமருந்துகளில் சில வகை, மனிதருக்குத் தெரியாத மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து தெளித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். நுளம்புச் சுருளைக் காற்றுப்பம்பியின் அருகே கொளுத்தாதீர்கள். பம்பி அறையின் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துகின்றது. டெங்குக் காலத்தில் புகை அடிக்க வருபவர்களைத் தடுக்க வேண்டாம். தொட்டியைத் தடித்த பொலித்தீனால் மூடி, பம்பியைச் சிறிது நேரம் நிறுத்திவையுங்கள். கழுவிக் காயவைத்த தொட்டியைக் கவிழ்த்து வைக்கவும் மறக்கக்கூடாது. கப்பி உள்ள தொட்டியில் நுளம்புக் குடம்பி தப்பாது. கப்பி இல்லாமல் ஓரத்தில் நீர் தேங்கிய தொட்டி நுளம்பு வளர்க்கும் தொட்டியாகிவிடும்.

கிணற்றைப் பற்றி இரண்டு செய்திகள். வெள்ளத்துக்குப் பின்னும் நோய் பரவும் காலத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இடுவார். அது எமது பிள்ளைகளுக்கு நன்மை. மீனுக்கும் நாம் காத்துவரும் பக்டீரியாவுக்கும் நஞ்சு. அந்நீரையும் குளோரின் கலந்த குழாய் நீரையும் அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, இயலுமாயின் காற்றுக்கல்லும் போட்டு, அதன்பின் பயன்படுத்துங்கள். கிணற்றுக்குத் தூள் இட்டவுடன் எடுத்த நீரில் குளோரின் கடுமையாக இருக்கும். மணம் முற்றாகப் போகும்வரை பொறுங்கள்.

அடுத்தது உரம். எமது மணற்பாங்கான நிலத்தில் இடும் உரம் விரைவாகக் கிணற்றுக்கு இறங்குகின்றது. கல்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தோட்டத்து நடுவிலுள்ள கிணற்று நீரை எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியின் நைத்திரேற்று குறையாது. மீன் குடிக்கும் நீரைப் பற்றிப் பேசும்போது, கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரும் அதே கிணற்றிலிருந்து வருகின்றது என்பதையும் நினைவில் வைப்போம். மிகுந்த நைத்திரேற்று குழந்தையின் இரத்தத்திலும் ஒட்சிசனைக் குறைக்கும்.

கடல்நீர்த் தொட்டி

பிடித்த கடல்மீனை வைத்திருப்போர் செய்யும் தவறு ஒன்று உண்டு: கடல்நீர்த் தொட்டியின் ஸ்பொஞ்சைக் கிணற்று நீரில் கழுவுவது. உப்பில் வாழப் பழகிய பக்டீரியாவுக்கு நன்னீர் பேரதிர்ச்சி. தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரிலேயே கழுவ வேண்டும். மூடியிலும் விளக்கிலும் பூக்கும் உப்பைத் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். செம்பு, பித்தளைப் பொருத்துகளைத் தவிருங்கள். செம்பு கரைந்தால் முதலில் சாவது இறால் வகைகள். பொதியிடுவதற்கு முந்திய ஒரு நாளோ இரு நாளோ மீனுக்கு உணவு கொடாமல் வைத்தால், பையினுள் எச்சமும் அமோனியாவும் குறையும்.

நோய் வந்தால் முறை வேறு

இதுவரை கூறியவை நலமுள்ள தொட்டிக்கு. நோயால் மீன் இறந்த தொட்டியில் எல்லாம் தலைகீழாகும். அங்கு எதையும் காப்பாற்ற எண்ணக்கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரிய ஆபத்து: நலமான தொட்டியில் கிருமி கொல்லுகின்றோம், நோயுற்ற தொட்டியில் வலையை வெறுமனே உதறிவிட்டு அடுத்த தொட்டிக்குள் விடுகின்றோம்.

புத்தளம் மாவட்டத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் வந்தபோது எமது இறால் பண்ணைகளுக்கு நேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் அதனோடு இணைந்த களப்புகளிலிருந்தும் நீரை எடுத்து, கழிவையும் அங்கேயே விட்டன. ஒருவரின் கழிவு நீர் அடுத்தவரின் புது நீராயிற்று. கொல்லையில் உள்ள ஆறு தொட்டிகளுக்கு ஒரே வலையும் ஒரே வாளியும் இருந்தால், அந்த வலையே எமது ஒல்லாந்தர் கால்வாய்.

நோய்த் தொட்டிக்குத் தனி வலை வையுங்கள். அதைக் கடைசியாகவே கவனியுங்கள். மீன் எல்லாம் போனபின், வலை, வாளி, ரியூப் ஆகியவற்றின் அழுக்கை முதலில் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். பின் 10 லீற்றர் நீருக்கு ஏறக்குறைய 7 கிராம் புதிய வெளிற்றும் தூளைக் கரைத்து, தெளிந்த நீரில் ஒரு மணி நேரமாவது அவற்றை அமிழ்த்திவையுங்கள். அலசி, நல்ல வெயிலில் முற்றாகக் காயவிடுங்கள். மணம் இருந்தால் மீண்டும் அலசிக் காயவிடுங்கள். பழைய ஸ்பொஞ்சை எறிந்துவிடுவதே மலிவு. தூளோடு வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் வாயு நுரையீரலைச் சுடும். திறந்த வெளியில், பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், ஆண்டவர் கரைக்கு வந்தபோது மீனவர்கள் வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தனர் என்று வாசிக்கின்றோம். இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத வலையையும் அவர்கள் கழுவாமல் விடவில்லை. எமது கரையிலும் இப்பழக்கம் உண்டு. கடல் வலைக்கு உள்ள மரியாதையைக் கொல்லையிலுள்ள சிறு கைவலைக்கும் கொடுக்கலாமே.

நோய்த் தொட்டியின் நீரைக் களப்புக்கோ கால்வாய்க்கோ விடக்கூடாது. தூள் இட்டு ஒரு நாள் வைத்து, கிணற்றுக்குத் தூரமான மணலில் ஊற்றுங்கள். நலமான தொட்டியில் ஸ்பொஞ்ச் அமுக்கிய நீரோ நல்ல உரம், தென்னைக்கு விடலாம். பாசி தின்னும் என்று ‘டாங்க் கிளீனர்’ மீனை வாங்கி, அது வளர்ந்தபின் குளத்தில் விடுவோரும் உளர். அம்மீன் இந்நாட்டின் நன்னீர் நிலைகளில் பரவிப் பெருந்தொல்லையாகிவிட்டது. அதன் எச்சமும் தொட்டிக்கே சேர்வதால் உங்கள் வேலையும் குறையாது.

ஏற்கெனவே கழுவிவிட்டால்

ஸ்பொஞ்சை வெண்மையாக்கிவிட்டோம், மீன் மேலே வந்து வாயைத் திறக்கின்றது, இனி என்ன? முதலாவது, இரண்டு நாள் உணவை நிறுத்துங்கள். காற்றைக் கூட்டுங்கள். நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை, முன்சொன்னபடி ஒரு நாள் வைத்த நீரால் மாற்றுங்கள். நன்னீர்த் தொட்டியாயின் லீற்றருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். எமது மாவட்டத்து உப்பே போதும். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். அமோனியாவுக்கு அது மருந்தல்ல என்பதால் நீர் மாற்றுவதை விடக்கூடாது. யாவற்றிலும் சிறந்த மருந்து, அண்டை வீட்டாரின் நெடுநாள் ஓடிய, நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பொஞ்ச். அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் வையுங்கள். மகளிர் சங்கத்தில் ஐந்து பேர் மீன் வளர்த்தால், ஒவ்வொருவரும் தத்தம் தொட்டியில் மேலதிகமாக ஒரு ஸ்பொஞ்சை ஓடவிட்டு வைப்பது ஐவருக்கும் காப்புறுதி. செலவோ ஒரு துண்டு ஸ்பொஞ்ச்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

எமது சங்கத்தில் யாருடைய தொட்டி மிக நீண்டகாலம் நோயின்றி ஓடுகின்றது? அங்கிருந்து ஸ்பொஞ்ச் பெற அவர் சம்மதிப்பாரா?

கிணற்றுக்குத் தூள் இடும் நாளையும், புகை அடிக்கும் நாளையும் முன்கூட்டியே அறிந்து எல்லா வீடுகளுக்கும் சொல்ல யார் பொறுப்பேற்பார்?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தாம் மீனுக்குப் பயன்படுத்தும் வாளியைக் கொண்டு வாருங்கள். அதில் இதற்கு முன் என்னென்ன கலக்கப்பட்டது என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.